மூன்று நீடில் மாற்றியும் நிற்காத சொட்டு

வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்து நிறுத்தினான் தம்பி. "பெட்ரோல் சொட்டுதுண்ணே. ஸ்டார்ட் பண்ணவே பயமா இருக்கு" என்றான். நிறுத்திய சில நொடிகளில் இன்ஜினுக்கு அடியில் ஒரு சொட்டு விழுந்தது. விழுந்த இடத்தில் வட்டமாக ஈரம் பரவி, நான் குனிந்து பார்ப்பதற்குள் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. பெட்ரோல் கசிவைப் பலர் மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுவது இதனால்தான். ஆயில் ஒழுகினால் கறை நின்று காட்டிக்கொடுக்கும். பெட்ரோல் தன் தடயத்தைத் தானே அழித்துக்கொண்டு போய்விடும், வாசனை மட்டும் மிஞ்சும்.

வண்டி 150 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) போட்டது. வயது 11. டேங்குக்கு அடியில் கையால் திருப்பும் சாதாரண பெட்ரோல் டேப்: ஆன், ரிசர்வ், ஆஃப். தொல்லை தொடங்கி நாலு மாதம் ஆகிறது, அதற்குள் இரண்டு பட்டறை பார்த்தாயிற்று. முதல் பட்டறையில், "ஓவர்ஃப்ளோ ஆகுது, நீடில் போயிருக்கு" என்று ஃப்ளோட் நீடிலை மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடி சொட்டு. அதே இடத்தில் இன்னொரு நீடில். பிறகு வேறு பட்டறை. அங்கே நீடில், அது உட்காரும் சீட், பவுல் கேஸ்கெட் எல்லாம் அடங்கிய கிட்டையே மாற்றினார்கள். அதற்குப் பிறகு சொட்டு குறைந்தது, நிற்கவில்லை. கூடவே புதிதாக ஒரு வியாதி: ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி ஒரு நொடி முக்கிவிட்டுத்தான் இழுத்தது.

"நைட்டு டேப்பை ஆஃப் பண்ணிட்டுதான்ணே படுக்குறேன். அப்பவும் காலைல வாசனை அடிக்குது" என்றும் சொன்னான். இதைக் குறித்துக்கொண்டேன், ஆனால் அப்போது அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை. ஆஃப் செய்ய மறந்திருப்பான் என்று நினைத்தேன். தப்பு என் பக்கம்.

பவுலுக்குள் என்ன நடக்கிறது

டேங்கில் இருந்து வரும் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குப் போவதில்லை. கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் பவுலில் கொஞ்சம் தேங்கி நிற்கிறது. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து எப்படி வேலை செய்கிறதோ அதே கதைதான். மட்டம் ஏறினால் ஃப்ளோட் மேலே வந்து நீடிலைச் சீட்டில் அழுத்தி வரத்தை அடைக்கும், இறங்கினால் திறக்கும். நீடிலின் முனையில் உள்ள ரப்பர் தேய்ந்தாலோ, சீட்டில் ஒரு மணல் துகள் சிக்கினாலோ அடைப்பு பலிக்காது. மட்டம் ஏறிக்கொண்டே போகும்.

ஏறுகிற பெட்ரோல் இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகப் பவுலின் நடுவே ஒரு பித்தளைக் குழாய் நட்டு வைத்திருப்பார்கள், மெலிந்த தீக்குச்சி கனத்தில். அதன் வாய், இயல்பான மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலே இருக்கும். மட்டம் அந்த வாயைத் தொட்டால் உபரி குழாய்க்குள் விழுந்து, பவுலுக்கு அடியில் உள்ள மூக்கு வழியாக ஓவர்ஃப்ளோ டியூபில் இறங்கி, வண்டிக்குக் கீழே சொட்டிவிடும். இந்த வண்டியில், பல வண்டிகளில் இருப்பது போலவே, பவுலைக் காலி செய்யும் டிரெய்ன் ஸ்குரூவுக்கும் அதே மூக்குதான் வாசல். இந்தச் சின்ன விவரம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

கை வைப்பதற்கு முன்னால் சில வேலைகள் இருந்தன. வண்டியைத் திறந்த வெளியில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினேன். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினேன். உலர் பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடிப் போய்த் தங்கும். காற்றில் வெறும் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும், உறைபனிக் குளிரிலும்கூடப் பற்றும். அதனால் பத்தடி தள்ளி எரிகிற அடுப்பும் ஆபத்துதான். மூடிய அறைக்குள் மஞ்சள் பல்பைத் தொங்கவிட்டுக்கொண்டு கார்புரேட்டர் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிழைத்திருப்பது திறமையால் அல்ல.

ஈரம் காட்டும் இடமும் கசியும் இடமும்

சொட்டு விழுவது இன்ஜினின் அடி மூலையில் இருந்து. அது எதையும் சொல்லாது. பெட்ரோல் மிக மெல்லிய திரவம், டியூபின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து, இன்ஜின் மேல் வழிந்து, எங்கே கீழ்முனை கிடைக்கிறதோ அங்கே சொட்டும். டேப்பில் கசிந்தாலும் அங்கேதான் சொட்டும், கார்புரேட்டரில் கசிந்தாலும் அங்கேதான் சொட்டும்.

கார்புரேட்டரின் இடது பக்கம், டிரெய்ன் ஸ்குரூவைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கெட்டியான கறை. பெட்ரோல் காயும்போது பிசின் மாதிரி விட்டுப்போவது அது. முதல் பார்வைக்குக் குற்றவாளி அதுதான் என்று தோன்றும். ஆனால் கறை என்பது என்றோ நடந்ததன் சாட்சி, இன்று நடப்பதன் சாட்சி இல்லை. எல்லாவற்றையும் பழைய துணியால் துடைத்து, காய விட்டு, டிஷ்யூ பேப்பரைக் கிழித்துச் சின்னச் சின்ன நாடாக்களாகச் சுற்றினேன்: டேப்பின் கழுத்தில் ஒன்று, டியூபின் இரு முனைகளிலும் கிளிப்புக்குக் கீழே ஒவ்வொன்று, பவுல் கேஸ்கெட் ஓரம் ஒன்று, டிரெய்ன் ஸ்குரூ தலையில் ஒன்று. ஓவர்ஃப்ளோ டியூபை மட்டும் ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டேன். டேப்பை ஆன் செய்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தோம்.

நாடாக்கள் எல்லாம் காய்ந்தபடியே இருந்தன. பாட்டிலில் 9 மி.லி. இருந்தது. மணிக்கு 18 என்றால் பத்து மணி நேர ராத்திரிக்கு 180 மி.லி.; ராத்திரிகளில் டேப்பை ஆனிலேயே விட்டால் மாதம் 5 லிட்டருக்கு மேல். தம்பி மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்பியதற்கும் விடை அதில் இருந்தது.

ஆக, பெட்ரோல் வெளியே வருவது ஓவர்ஃப்ளோ மூக்கு வழியாகத்தான். இதுவரைக்கும் இரண்டு பட்டறைகளும் சரியாகவே வந்திருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் "அப்போ நீடில்தான்" என்று தாவிவிடுகிறார்கள். நானும் பாதி தாவிவிட்டேன்.

65-ம் 19-ம்

அன்றைக்கு இருட்டிவிட்டதால் டேப்பை ஆஃபில் வைத்து, ஓவர்ஃப்ளோ டியூபை வாய் குறுகிய பாட்டிலில் விட்டு, அப்படியே நிறுத்திவிட்டுப் போனோம். டேப் மூடியிருப்பதால் இரவில் ஒன்றும் வராது, காலையில் பவுலைக் கழற்றலாம் என்பது கணக்கு.

காலையில் பாட்டிலில் 65 மி.லி. கிடந்தது.

இப்படிப்பட்ட கார்புரேட்டரின் பவுல் மொத்தமே ஐம்பது மி.லி. பக்கம்தான் பிடிக்கும். பவுல் பிடிக்கிற அளவைவிட அதிகமாக வெளியே வந்திருக்கிறது என்றால், மூடிய டேப் வழியாக டேங்கில் இருந்து பெட்ரோல் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். தம்பி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான், டேப் ஆஃபிலும் மூடவில்லை. சரி, டேப் கசிகிறது, நீடிலும் பிடிக்கவில்லை, இரண்டு கோளாறு, கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே, பவுலைக் கழற்றுவதற்கு முன் டிரெய்ன் ஸ்குரூவைத் தளர்த்தி உள்ளே மிச்சம் இருந்ததை அளவுக் குப்பியில் பிடித்தேன். அளந்து பார்க்க வேண்டும் என்று பிடிக்கவில்லை, கையில் இருந்தது அந்தக் குப்பி, அவ்வளவுதான்.

19 மி.லி. வந்து நின்றுவிட்டது.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். நீடில் பிடிக்காமல் மட்டம் ஏறி, குழாயின் வாய் வழியாக வழிந்துகொண்டிருந்தது என்றால், பவுல் விளிம்பு வரைக்கும் நிறைந்திருக்க வேண்டும். நிறைந்தால்தானே வழியும்? அதுவும் டேப்பில் இருந்து ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக வரத்து இருந்திருக்கிறது. அப்படியும் பவுல் பாதிக்குக் கீழே இருக்கிறது.

உடனே டேப்பை ஆன் செய்து பவுலை நிரப்பினேன். டேங்க் பக்கத்து டியூபைக் கழற்றி முனையில் அடைப்பு செருகிவிட்டு, அடுத்த கணமே பவுலை முழுக்க வடித்து அளந்தேன். 45 மி.லி. இனிமேல் கணக்கு எளிது. பவுல் இழந்தது 45-ல் 19 போக 26. பாட்டிலில் இருந்தது 65. மீதி 39 டேப் வழியாக வந்தது. டேப்பைத் தனியாகச் சோதித்தேன்: ஆஃபில் வைத்து டியூபின் மறுமுனையைப் பாட்டிலில் விட்டால், அரை மணிக்கு 2 மி.லி. பத்து மணி நேரத்துக்கு 40. ராத்திரிக் கணக்கும் பகல் கணக்கும் ஒன்றாக வந்து நின்றபோது வந்த சந்தோஷத்தைத் தம்பியால் புரிந்துகொள்ள முடியவில்லை. "அண்ணே, அப்ப சரியாயிடுச்சா?" என்றான். இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

எங்கே சொட்டுகிறது என்று நாலு மாதமாக எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எந்த மட்டத்தில் நிற்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. வரத்தை அடியோடு அடைத்துவிட்டுப் பார்த்தால், இந்த மூக்கு வழியாகப் பெட்ரோல் வர மூன்றே காரணம்தான் இருக்க முடியும். மூன்றும் மூன்று இடத்தில் நிற்கும். நீடில் கோளாறு என்றால், வரத்தை அடைத்ததும் குழாய் வாய்க்கு மேலே உள்ளது மட்டும் நாலைந்து சொட்டாக வழிந்து நின்றுவிடும், பவுல் நிறைந்தே இருக்கும். டிரெய்ன் ஸ்குரூ சரியாக உட்காரவில்லை என்றால், அது பவுலின் அடியில் இருப்பதால் கடைசிச் சொட்டு வரை வடிந்துவிடும், மிச்சம் பூஜ்யம். இரண்டும் இல்லாமல் நடுவில் எங்கேயோ நிற்கிறது என்றால், பித்தளைக் குழாய் நடுவில் எங்கேயோ ஓட்டையாக இருக்கிறது. ஓட்டையின் கீழ்முனைக்கு மட்டம் இறங்கியதும் சொட்டு நிற்கும். குழாயின் அடிவேரிலேயே விரிசல் இருந்தால் இந்த வித்தியாசம் தெரியாமல் போகும், அது வேறு விஷயம். நமக்கு 19 கிடைத்தது.

உறுதி செய்ய மறுபடி ஒருமுறை. பவுலை நிரப்பி, வரத்தை அடைத்து, ஓவர்ஃப்ளோவைக் குப்பியில் விட்டேன். ஆரம்பத்தில் நாலு நொடிக்கு ஒரு சொட்டு. மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து சொட்டு மெதுவானது. கடைசியில் நிமிடக்கணக்கில் ஒன்று. நாலு மணி நேரம் கழித்துக் குப்பியில் 26.

கொத்தனார் மட்டம் பார்ப்பது போல

இதற்குக் காத்திருக்காமல் பார்க்கவும் ஒரு வழி உண்டு. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்துச் சுவருக்கு மட்டம் பார்ப்பார்கள் இல்லையா, அதேதான். ஓவர்ஃப்ளோ மூக்கில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, வளைத்து, பவுலை ஒட்டி மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். டிரெய்ன் ஸ்குரூ மூடியே இருக்கட்டும். குழாயும் ஸ்குரூவும் நன்றாக இருந்தால் டியூப் காலியாகவே இருக்கும். இங்கே டியூபுக்குள் பெட்ரோல் மெதுவாக ஏறிவந்து, பவுலின் மட்டத்தோடு சமமாக நின்றது.

அந்த மட்டம் வேறொன்றையும் சொன்னது. இந்த வண்டிக்கு இருக்க வேண்டிய மட்டத்தைவிட அது 3 மி.மீ. கீழே நின்றது. நீடில் ஒழுங்காகப் பிடித்திருக்கிறது, ஆனால் சீக்கிரமே பிடிக்கிறது. மூன்றாவது நீடில் போட்ட அந்த இரண்டாவது பட்டறையில், ஃப்ளோட்டின் தகட்டு நாக்கை வளைத்து மட்டத்தைக் குறைத்திருக்கிறார்கள். விரிசலுக்கு மேல் நிற்கும் பெட்ரோல் குறைந்ததால் சொட்டும் குறைந்தது. அதே காரணத்தால் ஜெட்டுக்குக் (பவுலில் இருந்து பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) கிடைக்கும் பெட்ரோலும் குறைந்து, ஆக்சிலரேட்டரைத் திருகும்போது வண்டி முக்கியது. அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புது நீடில் போட்டும் வழிகிறது என்றால் அடுத்து மட்டத்தைக் குறைத்துப் பார்ப்பது முறையான யோசனைதான். குறைத்தும் நிற்கவில்லை என்றபோது அங்கேயே யோசனையை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

பவுலின் நாலு ஸ்குரூவையும் கழற்றினேன். பார்வைக்குச் சாதாரண ஸ்டார் ஸ்குரூ மாதிரி இருக்கும், ஆனால் ஜப்பானிய ஜேஐஎஸ் அளவு. சாதாரண ஸ்டார் டிரைவர் முழு ஆழத்துக்கு உட்காராமல் நழுவித் தலையைத் தின்றுவிடும். இதில் இரண்டு தலை ஏற்கெனவே தின்னப்பட்டிருந்தது. வெளியே எடுத்த பவுலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பித்தளைக் குழாய் நிமிர்ந்து, ஒழுங்காக, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. தம்பி என்னைப் பார்த்த பார்வையில் நாலாவது பட்டறை என்கிற எண்ணம் தெளிவாகத் தெரிந்தது.

பவுலை நன்றாகக் கழுவி, பெட்ரோல் வாசனை போகக் காய வைத்து, சோப்புத் தண்ணீரை நிரப்பினேன். ஓவர்ஃப்ளோ மூக்கில் ஒரு புது டியூபை மாட்டினேன். குழாயின் வாயை ஆள்காட்டி விரலால் அழுத்தி மூடிக்கொண்டு, டியூபின் மறுமுனையில் மெதுவாக ஊதினேன். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி ஊதியதும், குழாயின் பின்பக்கம், பவுல் சுவரைப் பார்த்த பக்கம், கடுகை விடச் சின்னதாக ஒரு குமிழி முளைத்தது. அது பிரிந்து மேலே வருவதற்குள் அடுத்தது. பிறகு ஊசியில் கோத்த மணி மாதிரி வரிசையாக, ஒரே இடத்தில் இருந்து, ஊதும் வரை வந்துகொண்டே இருந்தன. பவுலைச் சாய்த்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, பூதக்கண்ணாடி வழியாக அந்த இடத்தைப் பார்த்தால், பித்தளையில் நெடுக்காக ஒரு கறுப்புக் கோடு. தலைமுடி விழுந்து ஒட்டிக்கொண்டது போல. நகத்தால் வருடினால்கூடத் தட்டுப்படவில்லை. அதன் கீழ்முனை, அளந்து பார்த்தால், 19 மி.லி. நிற்கும் உயரத்தில்.

விரிசல் எப்படி வந்திருக்கும்? இந்தக் குழாயைப் பவுலில் இறுக்கி அடித்துச் செருகியிருப்பார்கள், அதனால் பித்தளைக்குள் எப்போதும் ஒரு இழுவிசை இருக்கும். நாள்பட்ட பெட்ரோலில் தேங்கும் தண்ணீர் பவுலின் அடியில்தான் நிற்கும், பித்தளையை அரிக்கும். குளிர்ப் பிரதேசங்களில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்தே குழாய் வெடிப்பதும் உண்டு. ஆனால் இந்தக் குழாயின் வாயருகே, எதிரெதிராக, கட்டிங் பிளேயர் கடித்த மாதிரி இரண்டு மெல்லிய தழும்புகள் இருந்தன. யாரோ ஒருமுறை பிடித்து நிமிர்த்தப் பார்த்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். நிரூபிக்க முடியாது.

செய்யவிருந்த ஒரு தப்பு

வேலைக்கு நடுவில் தம்பி ஒன்றைச் சொன்னான். இரண்டாவது பட்டறையில் ஒருவர், "அந்த டியூபுல ஒரு போல்ட்டைச் சொருகி விட்ருங்க, சொட்டாது" என்றாராம். சொட்டாதுதான். விரிசல் வழியாக வரும் பெட்ரோல் டியூபை நிரப்பி, பவுல் மட்டத்துக்கு வந்ததும் அடங்கிவிடும். வாசனையும் போய்விடும். நாலு மாதத் தொல்லை ஒரு போல்ட்டில் தீர்ந்த மாதிரியே இருக்கும்.

என்றைக்காவது நீடிலில் ஒரு துகள் சிக்கும்வரை. அன்றைக்கு உபரி பெட்ரோலுக்குப் போக்கிடம் இருக்காது. அது கார்புரேட்டரின் தொண்டையில் ஏறி, திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். கொஞ்சம் என்றால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்து, ஆயிலைத் தண்ணியாக்கி, பேரிங்குகளைத் தின்னும். அதிகம் என்றால் சிலிண்டரே பெட்ரோலால் நிறைந்திருக்கும்போது தெரியாமல் செல்ஃப் அடிப்போம். திரவத்தை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். ஓவர்ஃப்ளோ டியூபில் சொட்டு வந்தால் அது வண்டி நமக்குச் சொல்லும் சேதி. அதன் வாயைக் கட்டுவது எனக்குப் புரியாத வைத்தியம்.

இதைப் பேசிக்கொண்டே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மட்டம் ஏறவில்லை, முகர்ந்தால் பெட்ரோல் வாசனை இல்லை, காகிதத்தில் ஒரு சொட்டு வைத்தால் கெட்டியாகவே நின்றது. தப்பித்தது.

பழுது பார்த்தது

புதுப் பவுல் போடுவதுதான் சரி. கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்பதால், அதுவரைக்கும் பழையதில் ஈயம் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். பவுல் துத்தநாகக் கலவை வார்ப்பு, 380 டிகிரி சொச்சத்தில் உருகத் தொடங்கும். அறுபதுக்கு நாற்பது வெள்ளீய-ஈயக் கம்பி 190 டிகிரிக்கு அருகிலேயே ஓடும். நடுவில் இருக்கும் இடைவெளி சால்டரிங் அயர்னுக்குப் போதும், கேஸ் டார்ச்சுக்குப் போதாது. டார்ச் காட்டினால் பவுல் முதலில் போகும். சோப்புத் தண்ணீரில் கழுவி ஒரு நாள் முழுக்க வெயிலில் காய்ந்த பவுலை, பெட்ரோல் வாடையே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய், விரிசலை நைசான உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, அயர்ன் முனையைக் குழாயில் மட்டும் வைத்தேன். ஈயம் விரிசல் நெடுக ஓடிப் படிந்தது. மறுபடி சோப்புத் தண்ணீர், மறுபடி ஊதல். குமிழி இல்லை. பிறகு பவுலில் பெட்ரோலை நிரப்பி, திறந்த வெளியில் வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, ஆவியாகாமல் மேலே தகடு மூடி, ஒரு நாள் விட்டேன். காகிதத்தில் வட்டம் விழவில்லை.

எபாக்சி பசை வைத்தால் என்ன என்று தம்பி கேட்டான். ஒரு காலத்தில் நானும் வைத்திருக்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோலில் சாதாரண எபாக்சி மெல்ல ஊறி, மெத்தென்றாகி, ஒருநாள் தோல் மாதிரி உரிந்து வந்து ஜெட்டை அடைத்தது. அன்றோடு விட்டேன்.

டேப்பில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே நாலு துளை போட்ட ரப்பர் வட்டு ஒன்று இருக்கும், அதன் மேல்தான் கைப்பிடியின் முகம் உரசித் திரும்பும். வட்டு கெட்டியாகிவிட்டால் ஆஃபிலும் முழுக்க மூடாது. சில டேப்புகளைப் பிரித்து வட்டை மட்டும் மாற்றலாம். இது ரிவெட் அடித்தது, அப்படியே புது டேப். கூடவே டேங்க் பக்கத்து ஓ-ரிங்கும், கையால் வளைத்தால் மேலே மயிரிழை வெடிப்புகள் தெரிந்த பெட்ரோல் டியூபும் மாற்றினோம். ஃப்ளோட்டின் நாக்கைப் பழைய நிலைக்கு வளைத்து, தெளிந்த டியூபை வைத்து மட்டம் பார்த்து, சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவதாகப் போட்ட நீடிலை மாற்றவில்லை. அது நல்ல நீடில். முதல் இரண்டும் நல்ல நீடிலாகத்தான் இருந்திருக்கும், பாவம்.

பிறகு டேப்பை வேண்டுமென்றே ஆனில் வைத்து, ஒரு நாள் சென்டர் ஸ்டாண்டில், ஒரு நாள் சைடு ஸ்டாண்டில். சாய்ந்து நிற்கும்போது பவுலின் மட்டமும் சாயும், ஒரு நிலையில் காய்ந்திருப்பது இன்னொன்றில் நனையலாம். பாட்டில் இரண்டு நாளும் காலியாக இருந்தது. ஓட்டிப் பார்த்தால் அந்த ஒரு நொடி முக்கலும் இல்லை. அடுத்த வாரம் புதுப் பவுல் வந்ததும் அதை மாட்டி, ஈயம் வைத்ததைக் கழற்றித் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். ஓரிடத்தில் பிளந்த பித்தளை பக்கத்திலும் பிளக்கலாம், அதை நம்பி வருஷக்கணக்கில் ஓட்ட நான் சொல்ல மாட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. "அண்ணே, மறுபடி சொட்டுது!" குரலில் என் மேல் இருந்த நம்பிக்கை பாதி போயிருந்தது. எங்கே சொட்டுகிறது என்று கேட்பதற்குப் பதிலாக, எப்போதிலிருந்து என்று கேட்டேன். பெட்ரோல் போட்டு, வெயிலில் நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தானாம்.

"எவ்வளவு போட்ட?"

"ஃபுல்லுண்ணே. கழுத்து வரைக்கும். மூடியைத் தொடுற அளவுக்கு."

12 லிட்டர் டேங்க். பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரியும். வெயிலில் 20 டிகிரி ஏறினால் 230 மி.லி. அளவுக்கு இடம் கேட்கும். இடம் இல்லையென்றால் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் நிறைந்து, அங்கிருந்து இறங்கும் வடிகால் டியூப் வழியாகத் தரைக்கு வந்துவிடும். "வண்டியை நிழல்ல தள்ளி வை. மூடியைச் சுத்தி ஈரமா இருக்கான்னு பாரு. அடுத்த தடவை கழுத்துக்குக் கீழேயே நிறுத்தச் சொல்லு" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான். மூடியைச் சுற்றி ஈரம். ஓவர்ஃப்ளோ டியூப் காய்ந்திருந்தது.